முகம் தவிர மற்றதெல்லாம்

படியேறி வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே பாதிப் பேரை அடையாளம் கண்டுவிடுவார். குதிகாலைத் தேய்த்துக்கொண்டு வந்தால் நூலகர், இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தால் கணக்குத் துறை இளைஞர், மாடிக்கு மாடி நின்று பெருமூச்சு விட்டால் துறைத் தலைவர். மீதிப் பேருக்குப் பை இருக்கிறது, நடை இருக்கிறது, இருமல் இருக்கிறது. எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் ஓர் அரைச் சிரிப்பு. வேதியியல் துறையின் இந்தப் பேராசிரியை தாழ்வாரத்தில் எதிர்ப்படும் எல்லோருக்கும், லிஃப்ட் பழுது பார்க்க வந்த ஆள் உட்பட, அதே சிரிப்பைத்தான் கொடுப்பார். கூட வேலை பார்ப்பவர்களுக்கு அது குறைச்சல். லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் அதிகம்.

முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. மூக்கு மூக்காகத் தெரியும், மச்சம் மச்சமாகத் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும் வரை முகம் முழுசாக இருக்கும். கண்ணை எடுத்தால் போச்சு, அடுத்த தடவை அது புது ஆள். பிறவியிலேயே அப்படி. தெருவில் சித்தப்பாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டு, மரியாதை தெரியாத கழுதை என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. முப்பது வயது தாண்டிய பிறகுதான், உளவியல் துறையில் இருந்த ஒரு தோழி ஏதேதோ படங்களைக் காட்டிச் சோதித்துவிட்டு, இது மூளையின் அமைப்பு, உன் திமிர் இல்லை என்று சொன்னாள். அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தார். தோழி பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது விஷயம் தெரிந்தவர் கணவர் ஒருவர்தான். விருந்துகளில் மனைவியின் தோளோடு ஒட்டி நின்று, வருகிறவர் பெயரை முன்கூட்டியே காதில் போடுவது அவர் வேலை. பெண்டாட்டிதாசன் என்று உறவில் அவருக்குப் பெயர் வந்தது அப்படித்தான், பாவம்.

பல்கலைக்கழகத்தில் காதில் சொல்ல ஆளில்லை. அங்கே தமிழ்தான் துணை. ஒருவர் பெயரே தெரியாமல் வருஷக்கணக்கில் அவரோடு பேசிக்கொண்டிருக்க நம் மொழியில் தாராளமாக இடமிருக்கிறது. "வாப்பா", "என்னம்மா", "சொல்லுங்க சார்" என்று காலத்தை ஓட்டிவிடலாம். இவற்றையெல்லாம் விட உசத்தி "சாப்டாச்சா?" என்ற கேள்வி. யாரிடமும் கேட்கலாம், எந்த நேரத்திலும் கேட்கலாம். எதிராளி பதில் சொல்ல வாயைத் திறந்தால் போதும், குரலைப் பிடித்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஆய்வகத்தில்தான் திண்டாட்டம். வெள்ளைக் கோட்டு, கண்ணை மூடும் கண்ணாடி, இழுத்துக் கட்டிய தலை என்று வகுப்பு மொத்தமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். அதனால் முதல் நாளே உத்தரவு போட்டுவிடுவார்: கோட்டின் மார்பில் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும், பாதுகாப்புக்காக. யாருக்குப் பாதுகாப்பு என்று மாணவர்கள் முணுமுணுப்பார்கள். அது அவருக்கல்லவா தெரியும்! ஆய்வகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வெளியே யாரையும் கண்டுகொள்ளாமல் போகிறவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் மகாராணி. அதுவும் தெரியும்.

மாட்டிக்கொண்ட கதைகளும் உண்டு. துறைத் தலைவர் ஒருநாள் மீசையை எடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் உள்ளே போய், தலைவர் எப்போது வருவார் என்று அவரிடமே கேட்டுவிட்டார். மனிதர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மகாராணிக்கு இவ்வளவு குறும்பா என்று அன்று முழுக்கத் துறையில் அதே பேச்சு. இவரும் கூடவே சிரித்துவைத்தார். அறைக்குத் திரும்பி ஒரே மூச்சில் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

வாயைத் திறந்து சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். மற்றவர்களுக்காக அந்த வாய் நன்றாகவே திறக்கும். காது கேளாத மாணவி ஒருத்திக்குச் செய்முறைக் குறிப்புகளை முன்னதாகவே எழுத்தில் தர வேண்டும் என்று கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கித் தந்தவர் அவர். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பையனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு மல்லுக்கு நின்றவரும் அவரே. அந்தக் கூட்டத்தில்தான் ஒரு பேராசிரியர், இப்படியே போனால் நாளைக்கு ஆளுக்கொரு குறையோடு வந்து நிற்பார்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மையார் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு மண்டபத்தில் அடையாள அட்டைப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை வரும்போதெல்லாம், நீங்க அட்டையப் பாத்துக்கங்க, நான் விடைத்தாள் கொடுத்துடறேன் என்று பக்கத்து ஆசிரியரிடம் தள்ளிவிட்டே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். உண்மை வெளியே வந்தால் இது வரைக்கும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று யாராவது கிண்டுவார்கள். அந்த பயம் சின்ன பயமில்லை.

இந்த நிலையில்தான் அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பெண்ணுக்கு அப்பா தவறிப்போனார். நாலு வருஷமாக இவருடைய ஆய்வகமே கதியென்று கிடக்கும் பெண். இடுப்பு வரை பின்னல், இடது காலைச் சற்றே இழுத்து வைக்கும் நடை, எப்போதும் சளி பிடித்த மாதிரி ஒரு குரல். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் வந்தாலே இவருக்குத் தெரிந்துவிடும். செய்தி வந்தபோது தொலைபேசியில் அவளோடு சேர்ந்து அழுதவர்தான். ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு மாசக்கணக்கில் படுத்து, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, மிச்சத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, அண்ணனுடைய பெரிய சட்டையோடு அவள் திரும்பி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே துறைக்கு வந்து, இவர் வரும் வழியில் நின்றாள். நின்றதால் நடையும் இல்லை. தொண்டை அடைத்திருந்ததால் குரலும் இல்லை. இவர் அந்த அரைச் சிரிப்பைச் சிரித்தார்.

"சாப்டாச்சாம்மா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். இவர் போய்விட்டார்.

மறுநாள் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பெண் நெறியாளரை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாள், காரணம் எதுவும் சொல்லவில்லை, நேற்று உங்களைப் பார்த்தாளாமே, என்ன நடந்தது என்று கேட்டார். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. அந்தச் சட்டை, அந்த மொட்டைத் தலை, அதுவா அவள்? சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கல்நெஞ்சக்காரி என்ற பெயரோடு ரகசியம் பத்திரமாக இருக்கும். பேனாவைக் கையில் எடுத்தவர், அப்புறம் வருகிறேன் என்று மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

அவள் ஆய்வகத்தில் தன் குடுவைகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மார்பில் பெயர் இருந்தது. இவர் கதவைச் சாத்திவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நேத்து நான் உன்னைக் கண்டுக்காமப் போகல. நீதான்னு எனக்குத் தெரியல. எனக்கு யார் முகமும் மனசுல நிக்காது. பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

பெண் நிமிரவில்லை. "நாலு வருஷம் மேடம்."

"நாலு வருஷமா உன் பின்னலைத்தான் பாத்துட்டிருந்தேன். உன் நடையை. நீ அதெல்லாம் இல்லாம வந்து நின்னே."

நம்புகிற மாதிரியா இருக்கிறது? அவள் நம்பவில்லை. இப்படியெல்லாமா மேடம் ஒண்ணு இருக்கு என்று குடுவையைப் பார்த்தே கேட்டாள். குரலில் கோபம் குறையவில்லை. அப்பாவைப் பறிகொடுத்தவளிடம் வந்து ஒரு கதை சொல்கிறார்கள் என்று நினைத்தால் அது அவள் குற்றமில்லை.

பேராசிரியை கைப்பையைத் திறந்து ஒரு பெரிய படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். முந்தின நாள் மாலை மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த வகுப்புப் படம். எல்லாம் எட்டு வயதுக் குழந்தைகள், ஒரே சீருடை, பெண்கள் எல்லோருக்கும் இரட்டைப் பின்னல். நான் எங்கே இருக்கிறேன் சொல் பார்க்கலாம் என்று குழந்தை குதித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அம்மா, படிக்கிற கண்ணாடியைக் காணோம் என்று சொல்லிப் படத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டுவிட்டார்.

"எம்பொண்ணு இதுல எங்கயோ இருக்கா," என்றார். "எதுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஸ்கூல் வாசல்லகூட நான் ஒரே இடத்துல நிப்பேன், அவதான் என்னைத் தேடிட்டு வரணும். நேத்து ராத்திரி அவ தூங்கின பிறகு இதையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்தேன். கண்டுபிடிக்க முடியல."

கடைசி வார்த்தை வரும்போது குரல் உடைந்துபோயிற்று. அவர் அதை மறைக்கவும் இல்லை.

பெண் பெட்டியை விட்டு வந்தாள். விடுமுறை நாட்களில் இதே ஆய்வகத்தின் மூலையில் உட்கார்ந்து படம் வரைகிற குழந்தையை அவளுக்கு நன்றாகத் தெரியும். படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, படத்தை அவர் முன்னால் நகர்த்தினாள். இரண்டாவது வரிசையில் ஒரு முகத்தின் கீழே விரலை வைத்தாள். அவர் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். பார்த்து முடிக்கும் வரை அவள் விரலை எடுக்கவில்லை.