மூடாத இமை

சின்னம்மா கண் இமையில் அறுவை செய்துகொண்டது எனக்கு அவளுடைய வீடியோவைப் பார்த்துத்தான் தெரியவந்தது. மீஞ்சூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். கைபேசியைத் திறந்தால், நண்டு ஓட்டைப் பிரித்துக்கொண்டே சின்னம்மா பேசுகிறாள். குரல் அவளுடையது. சட்டி அவளுடையது. கண் மட்டும் வேறு யாருடையதோ போல அகலமாக, ஆச்சரியப்பட்டது போல இருந்தது. எடுத்த சோற்றை அப்படியே டப்பாவில் போட்டுவிட்டேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. சித்தப்பாவும், நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். படகு கொண்டுவரும் நண்டையும் இறாலையும் சின்னம்மா வாசலில் வைத்துச் சமைத்து வீடியோ போடுவாள். நிறையப் பேர் பார்த்தார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கீழே வரும் கருத்துகளை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அவளுடைய மேல் இமைத் தோல் தளர்ந்து பாதிக் கண்ணை மூடியிருந்தது. சிலர் அதையே பிடித்துக்கொண்டு எழுதுவார்கள். அதையெல்லாம் நான் தாண்டிப் போனால் கண்டுபிடித்துவிடுவாள்.

"எத்தயோ முழுங்கிட்ட. அத்தயும் படி."

"தூங்குமூஞ்சி ஆயா, முழிச்சுக்கினு சமைன்னு போட்டுக்கிறான் ஒருத்தன்."

"ஆயாவா? அவன் நண்டுல வெறும் ஓடுதான் கெடைக்கும்" என்று சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். மருந்துச் சீட்டானாலும் பேங்க் படிவமானாலும் தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். இந்த அறுவைக்கு மட்டும் சின்னம்மா என்னிடம் வரவில்லை. பொன்னேரியில் அழகு நிலையம் வைத்திருக்கும் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு சென்னையில் ஏதோ ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். தையல் பிரிக்கும் வரை அங்கேயே அந்தப் பெண்ணின் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாள். எங்களிடம் சொன்னது, கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறேன் என்று.

அன்று காலைதான் அவள் ஊர் திரும்பியிருந்தாள். சாயங்காலம் அவள் வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் சித்தப்பாவைப் பார்த்து, "இன்னா, புதுசா ஒருத்திய கட்டிக்கினு வந்துட்டியா?" என்றார்.

"பழசுதான்பா. பெயின்ட் அடிச்சுக்கினு வந்துக்குது."

நான் அவளைத் தனியே இழுத்துக் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பேசியே என்ன கவுத்துருவ. இப்ப பாரு, எவனாவது ஆயான்னு போடட்டும்."

இமைக்கு மேலே மெல்லிய கோடு தெரிந்தது. அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தாள்.

வலது கண் சிவக்க ஆரம்பித்தது எப்போது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் சிவக்காத கண்ணே இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கிற வெயில், உப்புக் காற்று. ஆண்களுக்கு வெள்ளை விழியில் சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். என் நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் அப்படித்தான். சிவந்த கண்ணோடு வலை இழுப்பார்கள், சிவந்த கண்ணோடு பெண் பார்க்கப் போவார்கள். அதை நோய் என்று யாரும் நினைத்ததில்லை.

அதனால் சின்னம்மா கண் எரிகிறது என்று சொன்னபோது நைனா தன் முகத்தை அவள் முன்னால் நீட்டினார். "என் கண்ணப் பாரு. இத்தவிடவா செவந்துக்குது?" எதிர்வீட்டு அக்கா, பிள்ளை பெற்று வந்திருந்த தன் மகளிடமிருந்து தாய்ப்பால் வாங்கி இரண்டு சொட்டு விட்டாள். கிளினிக்கில் கொடுத்த களிம்பைச் சின்னம்மா போடவில்லை. போட்டால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, அடுப்பைப் பார்க்க முடியவில்லை என்றாள். அங்கே போன் போட்டுக் கேட்டதற்கு, வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார்களாம். எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

வாடைக் காற்று அடிக்கும் காலம் அது. ஒரு விடுமுறை நாள் மதியம், குழம்பு கொடுத்துவிட்டு வர அவள் வீட்டுக்குப் போனேன். தரையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்தது. வலது கண் திறந்திருந்தது.

இமை பாதியில் நின்றுவிட்டது. இடைவெளியில் கருவிழி இல்லை. சிவப்பு நரம்பு ஓடிய வெள்ளை மட்டும். ஒரு ஈ அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் அசையவில்லை.

செத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். குழம்புக் கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் எழுந்தாள்.

"இன்னாடி, பேயப் பாத்தா மாரி நிக்கற?"

"சின்னம்மா, கண்ண மூடு."

"எதுக்கு?"

"மூடு, சொல்றேன்."

மூடினாள். இடது கண் மூடியது. வலது கண்ணில் கருவிழி மேலே ஏறி ஒளிந்துகொண்டது. வெள்ளை என்னைப் பார்த்தபடியே நின்றது.

"நல்லா மூடு."

"மூடிக்கினுதானே கீறேன்!"

அவளுக்குத் தெரியவில்லை. தன் கண் மூடவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை. கைபேசியில் படம் எடுத்து அவளிடம் நீட்டினேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தத் திரையில் தன் முகத்தைப் பார்க்கிறவள். பார்த்ததும் கைபேசியைத் தூக்கி எறிந்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கத்தினாள்.

சித்தப்பா வெளியூர் போயிருந்ததால் நைனா படகை எடுத்தார். சின்னம்மா தலையோடு சேர்த்து முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு படகின் அடியில் குனிந்து உட்கார்ந்தாள். "காத்து ஊசியா குத்துதுடி" என்று மட்டும் சொன்னாள். பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில். சென்னையில் கண் ஆஸ்பத்திரியில் என்னைவிடச் சற்றே மூத்த ஒரு பெண் டாக்டர் இருந்தார்.

மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் விளக்கினார். வலது மேல் இமையில் தோலை அளவுக்கு மீறி வெட்டிவிட்டார்கள். மிச்சத் தோல் கண்ணை மூடப் போதவில்லை. தூக்கத்தில் வலது கண் காய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கருவிழியின் நடுவில் புண். அதில் சீழ் வைத்துவிட்டது.

"எவ்வளவு நாளா செவந்திருக்கு?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். சின்னம்மா நைனாவைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல எல்லார் கண்ணும் செவப்புதாம்மா" என்றார் நைனா.

டாக்டர் எழுந்து வந்து நைனாவின் கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். "உங்களுக்கு இருக்கறது சதை வளர்ச்சி. அது வருஷக்கணக்கா காத்திருக்கும். இது காத்திருக்காது" என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். நான் அதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சொட்டு மருந்தெல்லாம் விட்டும் புண் ஆறவில்லை. கண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்துத் தைத்து மூட வேண்டும் என்றார்கள். சின்னம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"பெருசா தொறக்கணும்னுதான் போயி அறுத்துக்கினு வந்தேன். இப்ப தெச்சு மூடறேன்றீங்களா?"

டாக்டர் சம்மதத் தாளை என்னிடம் நீட்டினார். சின்னம்மா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "தைங்க" என்றாள்.

தைத்த கண்ணை நான் பார்த்தேன். கிழிந்த வலையைச் சேர்ப்பது போலத்தான் கருப்பு நூல் ஓடியிருந்தது. வெளியே வராந்தாவுக்கு வந்தேன். முகம் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டதற்கு இதுவா? அந்தக் கிளினிக்குக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எழுத்து எழுத்தாக நான் படித்த படிப்பெல்லாம் அந்த மணிச் சத்தத்துக்கு முன்னால் சும்மா நின்றது.

புண் ஆறிய பிறகு காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து இமையில் வைத்துத் தைத்தார்கள். கண்ணைத் தைத்தபடியே வைத்து ஊருக்கு அனுப்பி, நூல் பிரிக்கத் திரும்ப வரச் சொன்னார்கள். அந்த இடைவெளியில் சின்னம்மா ஒரு வீடியோவும் போடவில்லை. "தொறந்ததும் நண்டு போடறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நூல் பிரிக்கும் நாளில் நான் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இமை இப்போது நன்றாகத் திறந்தது, நன்றாக மூடியது. டாக்டர் மூடித் திறக்கச் சொல்லிப் பல தடவை பார்த்தார். கருவிழியின் நடுவில், சோற்றுப் பருக்கை ஒட்டியது போல ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது.

நல்ல கண்ணை அட்டையால் மறைத்தார். "இப்ப என்ன தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது."

"என் விரல் எத்தனை?"

சின்னம்மா கழுத்தை முன்னால் நீட்டினாள். சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அவள் முகத்தில் இருந்தது.

"மூணு" என்றாள் சத்தமாக.

டாக்டரின் கை இன்னும் மேலே எழவே இல்லை. மேசைமேல் பேனாவைப் பிடித்தபடி இருந்தது.

சின்னம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தக் கண் என் தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்தது. "சரிதானேடி?"

அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவங்க இன்னும் கையத் தூக்கல, சின்னம்மா."

அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப தூக்கச் சொல்லு. இன்னொரு தபா கேக்கச் சொல்லு."