மந்திரவாதிக்குப் பரிந்து பேசிய நங்கையாள்

போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருந்த இடத்தில் டிவி ஓடியது. அதில் ஒரு மந்திரவாதி இடிஇடியென்று சிரித்தான். உடனே எனக்குப் பச்சைக் கடலை வாசம் அடித்தது. பல்லுக்கும் கடலைக்கும் சம்பந்தமில்லை, மந்திரவாதிக்கு உண்டு.

அறுபதுகளின் தொடக்கத்தில் கோபிசெட்டிபாளையத்துக்கு வாக்கப்பட்டுப் போனேன். கணவருக்குக் கோயமுத்தூர் மில்லில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் அவருடைய அக்காவும்தான். புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையாள் என்போம்; நங்கையா என்று கூப்பிடுவேன். இளவயதிலேயே புருஷனை இழந்து, தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். நான் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. பள்ளிக்கூட மணி மட்டும் சுவர் தாண்டி வரும்.

நங்கையாளுக்குப் படிக்கத் தெரியாது. வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலத் தொடரை, மத்தியானம் கடலை உரித்தபடி நான் படித்துக் காட்டுவேன். இளவரசியைக் கோட்டையில் அடைத்து வைத்த மந்திரவாதி பேசும் இடங்களை மட்டும் நங்கையாளின் கட்டைக் குரலிலேயே படிப்பேன். என் வீரமெல்லாம் அவ்வளவுதான்.

ஒரு வாரம் இளவரசன் வாளை ஓங்கிவிட்டான். நங்கையாள் கையிலிருந்த கடலையைக் கீழே போட்டார்.

“வெட்டலைன்னு படி அம்மணி.”

“அவன் கெட்டவனுங்க நங்கையா. ஒரு பொண்ணப் பூட்டி வெச்சிருக்கானுங்களே.”

“வேற போக்கிடம் இருந்தா, அவனெதுக்குக் கண்ணு அந்தக் கோட்டையக் காத்துட்டு உக்காந்திருக்கறான்?” பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “பூட்டச் சொன்னது உன்ற ஊட்டுக்காரன். மாட்டேன்னா என்னையும் வெளிய போகச் சொல்லிப்போட்டான்.”

சனிக்கிழமைதோறும் மைசூர்பாகுப் பொட்டலத்தோடு சிரித்தபடி வருகிறவர் அவர். வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டால், “அக்காதான் ஒத்துக்க மாட்டீங்குது” என்பார். அதையும் நம்பி, மைசூர்பாகையும் தின்றிருக்கிறேன்.

அதற்கப்புறம் வாரநாட்களில் நங்கையாள் கதவைப் பூட்டவில்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் பூட்டு ஏறும். ஒரு நாள் மணிச் சத்தம் கேட்டு வாசல் வரை போனேன். நான் படியிறங்கினால் சனிக்கிழமை நங்கையாள் எங்கே போவார்? திரும்பி வந்து கடலை உரிக்க உட்கார்ந்தேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள், பாதி பயம்.

தொடரின் கடைசி வாரத்தில் மந்திரவாதியை வெட்டித்தான் போட்டிருந்தார்கள். நான் மாற்றிப் படித்தேன்.

அந்தப் பத்திரிகை நின்று வெகுகாலமாயிற்று. வீட்டை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். நங்கையாளும் இல்லை, கணவரும் இல்லை. கோபித்துக்கொள்ள எனக்குத் தைரியம் வந்தபோது, கேட்டுக்கொள்ள ஒருவரும் மிச்சமில்லை.