வேன் கதவோரம் கிடந்த சிலிப்பர்

பண்டமாரானில் பள்ளி வேன் ஓட்டும் புஷ்பவல்லி வேனுக்குள் சிலிப்பர் போடமாட்டாள். ஏறியதும் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். வீட்டுக்குள் யாராவது செருப்போடு நடப்பார்களா என்று கேட்பாள். பிள்ளைகள் மட்டும் சேற்றுச் சப்பாத்தோடு ஏறலாம். அவர்களிடம் சட்டம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அது வெளியே தெரியாது. பள்ளி விடுவதற்கு வெகு முன்பே போய் வேலியோரம் வேனை நிறுத்திக்கொண்டு, ஸ்டீரிங்கில் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்துக் கதை எழுதுவாள். மற்ற வேன்காரர்கள் எதிர்க்கடையில் தே தாரேக் குடித்தபடி ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் மூத்தவரான பக்கிரிசாமி மட்டும் சில நாள் வந்து ஜன்னலைத் தட்டுவார்.

"என்னாம்மா, எந்நேரமும் எழுதிக்கிட்டே இருக்க?"

"வேன் கணக்கு அண்ணே."

ஒரு வேனுக்கு இத்தனை வருஷமாக இவ்வளவு கணக்கா என்று அந்த நல்ல மனிதர் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் 'தீவுக்காரி' என்ற பெயரில் வரும் கதைகளை அவர் கடையில் உரக்கப் படித்துக் காட்டுவார். "யாரு பெத்த புள்ளயோ, நல்லாத்தான் எழுதுது லா" என்று அவர் சொன்னதைப் புஷ்பவல்லி ஒருமுறை காதாரக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு டயரில் காற்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். அவள் கேரி தீவில் பிறந்தவள், அதனால் அந்தப் பெயர். அது நான்தான் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? வேனோட்டிக்குக் கதை வேறு கேடா என்று சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் கொள்கலன் லோரிகளுக்கு நடுவே புகுந்து போகிறவளுக்கு, இந்த ஒன்றில் மட்டும் கால் நடுங்கியது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய மாடிவீடு இருக்கிறது. எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் ஒரு மாதம் தங்கி வேலை செய்யட்டும் என்று அதன் சொந்தக்காரர் விட்டுவைத்திருக்கிறார். மகள் அனுப்பிரியா அம்மாவின் கதைகளை அங்கே அனுப்பி வைத்தாள். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு இடம் கிடைத்துவிட்டது. கரும்பு தின்னக் கூலியா, கிளம்பு என்றாள் மகள்.

புஷ்பவல்லி கிளம்பும்போது கணவரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவர் பெயர் திருச்செல்வம். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

"அங்க மேச, நாற்காலி, ரூம், எல்லாம் குடுக்குறாங்களாம். கடைசி நாள்ல வந்தவங்க முன்னால புதுசா ஒன்னு வாசிக்கணும். அங்க போயும் ஒரு கத வரலன்னா, இது நமக்கு ஆகாதுன்னு விட்டுடுறேன்."

"அப்படியெல்லாம் சபதம் போடாத லா," என்றார் அவர். அவருக்குத் தெரியும். ஒருநாள் கோபத்தில் சீனியை விட்டவள், இன்றுவரை தேநீரைக் கசக்கக் கசக்கத்தான் குடிக்கிறாள்.

கலைஞர்கள் என்றால் தாடியும் புகையுமாக இருப்பார்கள் என்று பயந்துகொண்டுதான் வேனை ஓட்டிக்கொண்டு போனாள். ஓவியர் விமலனுக்குத் தாடி இருந்தது உண்மைதான். செராஸில் வளர்ந்த அந்தப் பையன் அடுக்குமாடி வீடுகளைப் பெரிது பெரிதாக வரைகிறவன், ஆனால் பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவான். இன்னொருவன் சதீஷ்குமார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன், லீவு போட்டு நாடகம் எழுத வந்திருந்தான். வீட்டை நிர்வகிக்கும் மலர்விழி இவர்களுக்கு இரண்டே சட்டம் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டை ஆளுக்கொரு நாள் முறை வைத்துச் சமைக்க வேண்டும். அறை வாசலில் சிலிப்பர் கிடந்தால் உள்ளே ஆள் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். வீடு பற்றி எரிந்தாலொழியக் கூப்பிடக் கூடாது.

புஷ்பவல்லிக்குக் கிடைத்தது ஜன்னலோர அறை. வழவழப்பான மேசை, சுழலும் நாற்காலி, தலைக்கு மேல் காற்றாடி. முதல் நாள் காலை வாசலில் சிலிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். 'பஞ்சவர்ணம் கதவைத் திறந்தாள்' என்று எழுதினாள். மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிற ஒருத்தியின் கதை அது. அடுத்த வரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கதவைத் திறந்த பஞ்சவர்ணம் பாவம், ஒரு வாரமாக வாசலிலேயே நின்றாள்.

மேசை உயரம் என்றாள் புஷ்பவல்லி. காற்றாடி கிறீச்சிடுகிறது என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் மனசே அவளைக் குத்திக் காட்டியது.

அந்த நேரம் பார்த்துத்தான் சமையல் வந்து கைகொடுத்தது. சதீஷ்குமார் தன் முறைக்கு மெகி மீ நூடுல்ஸைக் குழைத்து வைத்தான். விமலன் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துவிட்டு, இது எளிமை என்று சொன்னான். மூன்றாம் நாள் புஷ்பவல்லியின் முறை. காலையிலேயே பாசாருக்குப் போய்ச் செனாங்கின் மீன் வாங்கி வந்து, புளி கரைத்து, வெண்டைக்காய் போட்டு ஒரு கறி வைத்தாள். விமலன் தட்டை வழித்து நக்கினான். சதீஷ்குமார் கண் கலங்கி, "எங்கம்மா வச்ச மாதிரியே இருக்குக்கா," என்றான்.

இதற்கு யார்தான் மயங்க மாட்டார்கள்? மறுநாள் சதீஷ்குமாரின் முறை வந்தபோது, "நீங்க எழுதுங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்," என்றாள். அதற்கடுத்த நாள் விமலனின் முறையும் அவள் கைக்கு வந்தது. பிறகு முறை என்ற பேச்சே இல்லை. காலையில் தோசை, மத்தியானம் ரசம், சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி. விமலனின் ஓவியம் வளர்ந்தது, சதீஷ்குமாரின் நாடகம் இரண்டாம் காட்சிக்குப் போனது. புஷ்பவல்லிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய்யில்லை. படித்தவர்கள் நாலு பேர் தன் கையால் சாப்பிட்டு மெச்சும்போது, மேசை மேல் கிடக்கும் அந்த ஒற்றை வரி மறந்தே போயிற்று.

ஒருநாள் மலர்விழி சமையலறையைக் கடந்து போகிற போக்கில் சொன்னாள். "உங்க சிலிப்பரு எப்பவும் குசினி வாசல்லதான் கெடக்கு, அக்கா."

சொன்னவள் சிரிக்கவில்லை. புஷ்பவல்லிதான் சிரித்து மழுப்பினாள்.

கடைசி வாரம் வந்தது. காலைப் பசியாறும்போது மலர்விழி அழைப்பிதழுக்காக எல்லோரிடமும் தலைப்பு கேட்டாள். விமலன் சொன்னான். சதீஷ்குமார் சொன்னான்.

"அக்கா, உங்க கதைக்கு?"

புஷ்பவல்லியிடம் இருந்ததோ அந்த ஒற்றை வரிதான். "மீன் கறின்னு போட்டுக்கோ," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். "உண்மையாவே அன்னிக்கு மீன் கறி வச்சிருங்கக்கா, வர்றவங்க வேற எதையும் கேக்க மாட்டாங்க," என்றான் சதீஷ்குமார். அவன் மனசார வாழ்த்தித்தான் சொன்னான். அவளும் கூடவே சிரித்துவிட்டுக் குசினிக்குள் போனாள். போய் வெங்காயத்தைக் கையில் எடுத்ததும் அழுகை வந்துவிட்டது, வெங்காயத்தை இன்னும் நறுக்கக்கூட இல்லை. ஆக, இங்கேயும் சமையற்காரிதான். அதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? யார் மேல் கோபப்படுவது? யாரும் கேட்கவில்லையே, தானாகத்தானே கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இருந்த ஆத்திரத்தில் சிலிப்பரைச் சிமெண்டுத் தரையிலேயே உதறிவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினாள். திருச்செல்வத்துக்குப் போன் போட்டாள்.

"நான் வந்துடுறேன். இது நமக்கு ஆகாது."

"ஏன், என்னா ஆச்சு? சரி சரி, வந்துடு புஷ்பா. நீ சமைக்காம நாக்கு செத்துப் போச்சு லா."

மனுஷன் ஆசையாகத்தான் சொன்னார். சாவியைத் திருகப்போன கை அப்படியே நின்றுவிட்டது. அங்கே போனாலும் அடுப்பு, இங்கே இருந்தாலும் அடுப்பு. "அப்புறம் கூப்பிடுறேன்," என்று போனை வைத்தாள்.

போகவும் மனமில்லை, இறங்கவும் மனமில்லை. யாராவது வந்து, "என்னக்கா கோவம், உள்ள வாங்க," என்று கூப்பிட்டால் இறங்கலாம் என்று உட்கார்ந்திருந்தாள். விமலன் வெளியே வந்தான். வேனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், திருடனைப்போல் பூனைநடை நடந்து திரும்பிப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் சதீஷ்குமார் வந்தான். அவனும் அப்படியே பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டான். இத்தனை நாள் ஆக்கிப் போட்டும் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை பார் என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

கொதித்துக்கொண்டே காத்திருந்தாள். வேனில் காத்திருப்பது அவள் கைக்குப் பழகிய வேலை. கை தன்பாட்டுக்கு அட்டையை எடுத்து ஸ்டீரிங்கில் சாய்த்தது, பேனாவைத் தேடி எடுத்தது. கண்ணாடிக்கு அப்பால் யாரோ மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்றுக்கொண்டு போனார்கள். 'பஞ்சவர்ணம் கதவைத் திறந்தாள். மாமியார் குளியலறையில் இருந்தார். தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட வேண்டும்.' இந்தத் தடவை பஞ்சவர்ணம் வாசலில் நிற்கவில்லை. விறுவிறுவென்று இறங்கி நடந்தாள். புஷ்பவல்லி அவள் பின்னாலேயே ஓடினாள்.

வெயில் இறங்கிய பிறகுதான் நிமிர்ந்தாள். பஞ்சவர்ணம் லைசென்ஸ் எடுத்து, மாமியாரையே பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். புஷ்பவல்லி பேனாவை மூடினாள். பசி அப்போதுதான் தெரிந்தது. கதவைத் திறந்து காலைக் கீழே வைக்கப் போனால், சிலிப்பருக்குப் பக்கத்தில் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தின் மேல் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கோபத்தில் உதறிய சிலிப்பரை, வேலையில் இருக்கிறாள் என்று இந்தக் கூட்டம் நம்பியிருக்கிறது. வேனுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தவளைக் கண்ணால் பார்த்தும், சிலிப்பர் கிடக்கிறதே என்று கூப்பிடாமல் போகிறவர்களை உலகத்தில் வேறெங்கு தேடினாலும் கிடைக்காது.

"எழுதியாச்சாக்கா?" என்றான் வாசலில் நின்ற விமலன் மெதுவாக. அவன் கையில் கரிந்த சட்டி இருந்தது. மத்தியானம் அவன்தான் சமைத்தானாம்.

"ஆச்சு தம்பி," என்றாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். வாங்கித் தேய்த்துக் கொடுக்கக் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டாள். "நல்லா ஊறப் போட்டுத் தேயி. இனிமே என் மொறைக்கு மட்டும்தான் நான் சமைப்பேன்."

கடைசி நாளன்று மீன் கறி இல்லை. வாழை இலைக் கடையிலிருந்து சாப்பாடு வந்தது. புஷ்பவல்லி பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நின்று வாசித்தாள். முதல் பக்கம் முழுக்கத் தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்து, "பாத்து ஓட்டு, நான் இன்னும் பேரப்புள்ளய பாக்கல," என்று சொல்லும் இடத்தில் கூடம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் இருந்த திருச்செல்வம் சிரிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

பள்ளி திறந்தது. முதல் நாள் மத்தியானம் வழக்கம்போல் வேலியோரம் வேனை நிறுத்தினாள். இருக்கைக்கு அடியில் கையை விட்டுச் சிலிப்பரை எடுத்தாள். கதவைத் திறந்து, தார்ரோட்டில் ஜோடியாக வைத்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாள். அட்டையை ஸ்டீரிங்கில் சாய்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் தட்டும் சத்தம் கேட்டது.

"சிலிப்பரு கீழ விழுந்து கெடக்கு பாரும்மா," என்றார் பக்கிரிசாமி.

"விழல அண்ணே, நான்தான் வச்சேன். கத எழுதிக்கிட்டு இருக்கேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தத் தீவுக்காரி நான்தான்."

பக்கிரிசாமி அவளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே சிரித்துவிடுவாரோ என்று அவள் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த வேன் கணக்கு?"

"கணக்கெல்லாம் மகதான் பாக்குது அண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தெருவில் ஒரு லோரி வந்துகொண்டிருந்தது. குனிந்து, சிலிப்பர் இரண்டையும் எடுத்து, சக்கரம் ஏறாதபடி வேனோடு ஒட்டி வைத்தார். பிறகு கடைப்பக்கம் போய், கைதட்டி மற்றவர்களை அடக்கினார்.

"மெல்லமா பேசுங்கய்யா. அங்க தங்கச்சி எழுதுது."

புஷ்பவல்லி அட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். மணியடிக்க இன்னும் நேரம் இருந்தது.