மண் வீட்டுக்குச் சிமெண்டு பூசினேன்

விராலிமலைக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த வீட்டை நானே கட்டினேன். கொத்தனார் வேலைக்குப் போன இடத்தில் ஒரு இன்ஜினியர், செம்மண்ணில் கொஞ்சம் சிமெண்டு கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் வைக்காமலே கல் செய்யக் கற்றுக் கொடுத்தார். அந்தக் கல்தான் சுவர். தரைக்கு அடியில் மழைத்தண்ணீர்த் தொட்டி. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். சித்திரையிலும் உள்ளே வேர்க்காது.

அதை விற்க வேண்டி வந்தது என் மனைவிக்காக. அவள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். ஏழு வருடமாகத் துணி மூட்டையோடு புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கீழே கடையும் மேலே குடியிருக்க இடமுமாக ஒன்று காலியானது. பள்ளிக்கூடம் திறக்கும் வரைதான் காத்திருப்பேன், அதற்குள் அட்வான்ஸ் வேண்டும் என்று ஓனர் சொல்லிவிட்டார். வீடு விற்றால்தான் அட்வான்ஸ்.

புரோக்கர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, மண் வீடுன்னா எவன் வாங்குவான்? முன்பக்கமாவது பூசி பெயிண்ட் அடிங்க."

எனக்கு எதிர்த்துப் பேச வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச இன்னும் கூச்சம். மூன்று நாளில் முன்சுவர் முழுக்கச் சிமெண்டு பூசி, காயக்கூட விடாமல் நீல பெயிண்ட் அடித்தேன். பார்க்க வந்த இரண்டு பேரும் உள்ளே போய் மண் சுவரைப் பார்த்தார்கள். "பவுடர் போட்டு ஏமாத்தப் பாக்குறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

மே மாதத்தில் ஒரு நாள் வாசலில் நின்றிருந்தேன். ஒரு வெள்ளைக் கார் மெதுவாகப் போனது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பக்கமும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அதே கார் திரும்பி வந்தது. கைகாட்டி நிறுத்தலாமா என்று நினைத்தேன். கை எழவில்லை. கார் போய்விட்டது.

அன்றைக்கே புரோக்கர் போனில் கத்தினார். "உங்க வீட்டு வழியா வெள்ளைக் கார்ல வந்தது கோட்டைப்பட்டினத்து பாய்ண்ணே! மண் வீடுதான் வேணும்னு நாலு மாசமா தேடுறாரு. அங்கிட்டு மண் வீடே இல்லைன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு."

"நீங்கதானே பூசச் சொன்னீங்க," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் வந்த மனைவியிடம் சொன்னேன். மூட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தரம் போன காரைப் பாத்துக்கிட்டே நின்னீங்களாக்கும்? நீங்க என்ன, சோளக்கொல்லைப் பொம்மையா?"

எனக்கே சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. புரோக்கரிடம் பாயின் நம்பரை வாங்கி என் கையில் கொடுத்தாள். "பேசுங்க. கட்டுனது நீங்க."

பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை; வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார் பாய். மறுநாள் உளியை எடுத்து முன்சுவரைக் கொத்தத் தொடங்கினேன். சிமெண்டு பாளம் பாளமாக விழுந்தது. சில இடங்களில் கல்லின் முனையும் சேர்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து பாயும் அவர் மனைவியும் வந்தார்கள். இருபது வருடம் வளைகுடா நாட்டில் இருந்தவர். மகள் விராலிமலையில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் பக்கத்திலேயே இருக்க ஆசை. கரண்ட் வேறு போயிருந்தது. விற்கிறவன் நல்லதைச் சொல்ல வேண்டும். எனக்குக் குறைகள்தான் வரிசையாக வந்தன.

"வருசா வருசம் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், பாய். தொட்டியை ஆடிக்குள்ள கழுவிடணும். கரையான் வரும், பாத்துக்கிட்டே இருக்கணும். முன்சுவத்துல நான் கெடுத்த எடம் இருக்கு."

பாய் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார். கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். பிறகு துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

அவர் மனைவி என் மனைவியைப் பார்த்து, "வீட்டுல ஏசியப் போட்டுட்டும் புரண்டுக்கிட்டே கெடப்பாரு, தங்கச்சி. இங்க கரண்டே இல்ல, தூங்குறதப் பாருங்க," என்றார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எழுந்ததும் பாய் கேட்டது ஒன்றுதான். "அந்தச் சுவத்த நீங்களே வந்து சரி பண்ணித் தருவீங்களா, தம்பி?" தருவேன் என்றேன். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார். பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள் இருக்கும்போது மனைவி கடைச் சாவியை வாங்கினாள்.

இப்போது மேல்மாடியில் இருக்கிறோம். மத்தியானம் அடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும் என்றேன். "ஓனர்கிட்ட நீங்களே கேளுங்க," என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதித்தாள். இரண்டு நாள் ஓனர் வீட்டுவரை போய்ப் போய்த் திரும்பினேன். மூன்றாவது நாள் கேட்டுவிட்டேன்; சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை அடிக்கப் போகிறேன். சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது.