கதவில் அடித்த நாடி

குற்றாலத்துப் பண்ணை வீடு ஒன்றில், காய்ச்சலில் கிடந்த பெண்ணை அந்நிய ஆண் தொடக்கூடாதாம். டாக்டரான நான் கூடத்தில் நிற்க, அவள் கணவர் என் கடிகாரத்தோடு உள்ளே போய் நாடியை எண்ணி வந்து சொல்லுவார். கொதிக்கிற காய்ச்சலுக்கு மூன்று நாளும் எழுபத்திரண்டுதானா!

"பெருவிரலை வைக்காதீங்க அண்ணாச்சி, அதுல உங்க நாடிதான் அடிக்கும். மூணு விரலை வையுங்க" என்று தொண்டை வறளச் சொல்லியும், "அதெல்லாம் எனக்குத் தெரியும்லா" என்பார்.

நான்காம் நாள் பொறுமை போய், "இந்தக் கதவுல எண்ணுங்க" என்றேன். பெருவிரலை அழுத்திப் பார்த்தவர், "இதுலயும்லா அடிக்கு" என்று முகம் வெளுத்தார். உள்ளே ஓடியவர், மூன்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"எண்ண முடியல டாக்டர், அவ்வளவு வேகமா ஓடுது. நீங்களே உள்ள வாங்க."