ஓடுற வண்டியை எதுக்குத் தோண்டுறீக?

எங்கள் தொழிலில் எஞ்சினை இறக்கி ஏற்றுவதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத் திறந்து பார்க்க அதன் சொந்தக்காரரிடம் சம்மதம் வாங்குவது.

நின்றுபோன வண்டிக்காரர் நம்மைத் தெய்வம் போலப் பார்ப்பார். ஓடுகிற வண்டிக்காரர் ஜேப்படிக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். கையில் கிரீஸ் ஒட்டிய சகாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; பல் டாக்டர்களுக்கும் புரியும் என்று நினைக்கிறேன். சாத்தூரில் நெடுஞ்சாலை ஓரமாக நான் கார் பட்டறை நடத்திய வருஷங்களில் என்னை 'வாத்தியார் பாய்' என்பார்கள். காரணம், எந்த வண்டி வந்தாலும் கம்பெனிக்காரன் அதோடு கொடுத்த குறிப்புப் புத்தகத்தை முதலில் எடுத்துப் படித்துவிடுவேன். பல வண்டிகளில் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். நான்தான் அதன் முதல் வாசகன். சில புத்தகங்களுக்குக் கடைசி வாசகனும் நானே.

சணல் சுற்றிய குழாய்

குருசாமி ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழைய டீசல் அம்பாசடரை இவருக்குத் தள்ளிவிட்டார். பட்டாசு வேலை வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதால், மதியத்துக்கு மேல் கல்யாணம், காதுகுத்து என்று வாடகைக்கு ஓட்டுவார். காலையில் அந்த வண்டி கம்பெனி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும். சுற்றி மூன்று மைலுக்கு வேறு வண்டி கிடையாது. கம்பெனியில் யாருக்காவது தீக்காயம் பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக அதுதான் கதி. ஆம்புலன்ஸ் என்பது அப்போதெல்லாம் போன் போட்டு, வழி சொல்லி, காத்திருந்து வரவழைக்கிற பொருள்.

ஒருநாள் எஞ்சின் கொதிக்கிறது என்று பட்டறைக்குக் கொண்டுவந்தார். பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைக் காணோம். அந்த இடத்தில் அணுகுண்டு வெடி ஒன்று நீட்டிப் படுத்திருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குழாய் கசிந்திருக்கிறது, போர்மேன் அதன்மேல் பழுப்புக் காகிதத்தை உருட்டி, மைதாப் பசை தடவி, மேலே பச்சைச் சணலை இழைமேல் இழை ஏறாமல் சுற்றியிருக்கிறார். அவ்வளவு அழகான கட்டை நான் எந்த எஞ்சினிலும் பார்த்ததில்லை. கொதிக்கும் தண்ணீரில் மைதா என்ன ஆகும் என்று தோசை சுடுகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். "அண்ணே, நாலு மாசம் முன்னாடியே இந்தக் குழாய் உப்பியிருக்கும். அப்பவே கொண்டு வந்திருந்தா மாத்தியிருக்கலாமே" என்றேன். "ஓடுற வண்டியை எதுக்குத் தோண்டுறீக? சும்மா கெடக்கிற மருந்தக் கிண்டுறவன் எங்க தொழில்ல வீடு திரும்ப மாட்டான்" என்றார். வெடிமருந்துக்குச் சரியான அந்தப் பாடம் எஞ்சினுக்கு எப்படிப் பொருந்தும் என்று நான் ஆரம்பிப்பதற்குள், ஓர் ஓரத்தில் பசை கரைந்து அவிழ்ந்து தொங்கிய சணலைப் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது.

"எங்க கட்டு வெடிச்சாத்தான் பாய் பிரியும். தண்ணிக்குப் பிரிஞ்சத இன்னைக்குத்தான் பாக்கேன்."

வெள்ளைத் தூசி

குருசாமி மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு பார்க்கும் ஒரு கான்ட்ராக்டர் ஜீப்பைக் கொண்டுவந்தார். மேட்டில் இழுக்கவில்லை, டீசல் குடிக்கிறது, கறுப்புப் புகை என்று மூன்று புகார். மூன்றும் ஒரே வியாதி. எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டுகிற ஏர் பில்டரைக் கழற்றித் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். கோலம் போடுகிற அளவுக்கு வெள்ளை மாவு கொட்டியது. ஜீப் வாங்கியதிலிருந்து அதை யாரும் வெளியே எடுத்ததில்லை.

மனிதர் கழுத்தில் ஈரத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கு என்று தெரியாதவன்போல் கேட்டேன். "குவாரில மூக்கக் கட்டாம நிக்க முடியாது பாய். தெனமும் மூணு தடவ அலசிக் கட்டுவேன். இல்லேன்னா நெஞ்சு அடைச்சிரும்" என்றார். நான் பில்டரை அவர் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உவமை போதும், விளக்கம் தேவையில்லை என்று நினைத்தேன். எனக்கு உவமைகள்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை உண்டு. அவர் பில்டரைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுக்கென்ன பாய், அது இரும்புல்லா!"

வாசலில் இறக்கிய இரும்பு

குருசாமியின் அம்பாசடர் ஒருநாள் வேப்பமரத்தடியிலேயே கிளம்பாமல் நின்றுவிட்டது. ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் பேட்டரி வறண்ட ஊருணி மாதிரி இருந்தது. டிஸ்டில்டு வாட்டர் கண்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும். சாவி அவரிடம் இருந்ததால் கம்பெனிக்குள் போனேன். வாசலில் காவல்காரர் பையை வாங்கி வைத்தார். செருப்பு, செல்போன், இடுப்பில் இருந்த சாவிக்கொத்து எல்லாம் இறங்கின. பத்தடி போயிருப்பேன். எதிரே வந்த குருசாமி அப்படியே நின்றார். என் சட்டைப் பைக்குள் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மருந்து புழங்கும் இடத்தில் இரும்பு கீழே விழுந்து ஒரு பொறி பறந்தால் போதும்; நான் மறந்தே போயிருந்தேன்.

அந்த மனிதர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்று ஒருமுறைதான். கையைப் பிடித்து, ஓடவும் விடாமல் நிற்கவும் விடாமல், பொம்மையை நகர்த்துவதுபோல வெளியே கொண்டுவந்தார். மரத்தடிக்கு வந்தபின் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காலையில் முதல் ஆள் நுழைவதற்கு முன், மருந்து வேலை நடக்கும் ஒவ்வொரு ஷெட்டிலும் அவர் செய்கிற வேலைகளை அப்போதுதான் சொன்னார். தரை கூட்டியிருக்கிறதா, வாசலில் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா, மணல் வாளி இருக்கிறதா, கதவுகள் தடையில்லாமல் வெளிப்பக்கம் திறக்கின்றனவா, நேற்றைய மருந்து ஒரு சிட்டிகையாவது தங்கியிருக்கிறதா. பதினாறு வருஷமாகத் தினமும். என்னுடைய குறிப்புப் புத்தகங்களில் இருக்கிற அத்தனையும் இந்த மனிதரிடம் மனப்பாடமாக இருந்தது.

"இதுல பாதியை வண்டிக்குப் பண்ணக் கூடாதா?" என்றேன். "ஷெட்டும் வண்டியும் ஒண்ணா? வண்டி என்ன வெடிக்கவா போவுது?" என்றார். "வெடிக்காது. அதுக்கு எதுவும் ஆனா ஒரு சத்தமும் கேக்காது. இன்னைக்கு மாதிரிச் சும்மா நிக்கும். அண்ணே, அதே நேரம் ஷெட்டுல ஒரு ஆளுக்கு ஏதும் ஆச்சுன்னா அந்த ஆளைத் தோள்ல தூக்கிட்டா சாத்தூருக்கு ஓடுவீங்க?"

அவர் கம்பெனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி பாண்டியம்மாள் அங்கேதான் மூன்றாவது ஷெட்டில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து இடித்து அடைக்கிற வேலையில் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குத் தள்ளிக்கிட்டாவது வண்டியக் கொண்டாறேன், என்ன வேணாப் பண்ணுங்க. மொதல்ல அந்த ஸ்பேனர எடுத்துக்கிட்டு அந்தாக்குல போங்க!"

ஒழுகாத பம்பு

திருந்தியவர்களால் வரும் தொல்லை திருந்தாதவர்களால் வருவதில்லை. மறுநாள் முதல் குருசாமி தினமும் காலையில் ஷெட்டுக்குப் போவதற்கு முன் பானட்டைத் திறந்தார். ஆயில் அளவு, தண்ணீர், பெல்ட், பிரேக் ஆயில், பேட்டரி, சக்கரக் காற்று எல்லாம் வரிசைப்படி பார்ப்பார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்றால் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தில் பட்டறை வாசலில் நிற்பார். ஓட்டும்போது பாட்டு கிடையாது. வண்டியில் இருப்பவர்கள் பேசவும் கூடாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். கல்யாணப் பார்ட்டிகள் மௌன ஊர்வலம் போலப் போய்வந்ததாக என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் பழைய குருசாமிதான். இருப்பதைப் பேணுவார், வேலை செய்துகொண்டிருக்கும் சாமானைக் கழற்றித் தூரப் போட அவருக்கு மனசு வராது. ஒரு சித்திரை மாதம் பெல்ட்டைச் சரிபார்க்கும்போது வாட்டர் பம்பின் தண்டை அசைத்துப் பார்த்தேன். நூலளவு ஆடியது. எஞ்சினுக்குத் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பு அது. அது நின்றால் வெயில் காலத்தில் ஐந்தாறு மைலுக்குள் எஞ்சின் கொதித்துவிடும். மாற்ற வேண்டும் என்றேன்.

"தண்ணி ஒழுகுதா?"

"இல்லே."

"சத்தம் வருதா?"

"இல்லே."

"பெறகு என்ன பாய்? ஒழுகும்போது பாத்துக்கிடலாம்."

"ஒழுகும்போது நீங்க எங்கன இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதே அண்ணே."

இப்படியே கால் மணி நேரம். தூய தர்க்கத்தில் நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சாவிதான் கைக்கு வரவில்லை. சாமான் வாங்க அவரோடு சாத்தூருக்கு வந்திருந்த பாண்டியம்மாள் பின்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து இறங்கி, புருஷன் கையிலிருந்த சாவியைப் பறித்து என்னிடம் நீட்டினார்.

"மாத்துங்க பாய். பல்லு ஆடும்போது போகாம, விழுந்த பல்லக் கையில எடுத்துக்கிட்டு டாக்டர்ட்டப் போன ஆளு இவரு!"

மதுரைக்குப் போன வழி

அதற்கு மூன்று வாரம் கழித்து மூன்றாவது ஷெட்டில் தீப்பிடித்தது. எது உரசியது, எங்கிருந்து பொறி வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றும் தரை கூட்டியிருந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது. கதவுகள் திறந்திருந்ததால் மற்றவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். குருசாமி எதையும் மறக்கவில்லை, அப்படியும் நடந்தது. பாண்டியம்மாளுக்கு இரண்டு கையும் முழங்கைக்கு மேல்வரை, முதுகில் ஒரு பக்கமும் வெந்துவிட்டன.

மரத்தடியில் நின்ற வண்டி முதல் திருகலில் கிளம்பியது. சாத்தூர் ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஊற்றி, மருந்து போட்டு, துணி சுற்றி, நேரத்தைக் கடத்தாமல் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. உச்சி வெயில். விருதுநகர் தாண்டிப் பாலம் கட்டுமிடத்தில் வண்டிகள் முக்கால் மணி நேரம் எறும்புபோல ஊர்ந்தன. ஓரமாகப் பானட்டைத் தூக்கிக்கொண்டு, ஆவி பறக்க நான்கு கார்கள் நின்றதாகக் குருசாமி பின்பு சொன்னார். ஆனால் அவர் வண்டியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. மதுரையில் டாக்டர், இன்னும் தாமதித்திருந்தால் கைவிரல்களுக்கு உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது என்றாராம்.

செய்தி கேட்ட அன்று, கழற்றிப் போட்டிருந்த பழைய பம்பைத் தேடியெடுத்து மேஜைமேல் வைத்தேன். தண்டைச் சுற்றினால் கரகரவென்று அரைத்தது. பிரித்தேன். உள்ளே பேரிங் குண்டுகளில் இரண்டு உடைந்திருந்தன. அது இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மதுரைவரை போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். வாத்தியார் என்று பெயர் வாங்கியவன் இதை மறைக்கக் கூடாது. ஆனால் 'கூடும்' என்ற சொல்லின்மேல் ஒரு பெண்ணைப் படுக்கவைத்து எழுபது கிலோமீட்டர் ஓட்டச் சொன்னால் நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஊரில் பாதிப் பேர் கருப்பசாமி காப்பாற்றினார் என்றார்கள். மீதிப் பேர் குருசாமியின் ஓட்டுத் திறமை என்றார்கள். பம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆடி பிறந்தபின் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். பாண்டியம்மாளின் கைத்தோல் இழுத்துச் சுருங்கியிருந்தது. ஆனால் பத்து விரலும் மடங்கின. நான் கொடுத்த டீ கிளாஸைத் தானே பிடித்துக் குடித்தார். குருசாமி பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். "வழியில ரொம்பக் கஷ்டப்பட்டீகளா தங்கச்சி?" என்று கேட்டேன். கேட்டபின், இப்படிக் கேட்டிருக்க வேண்டாமே என்றிருந்தது. அவர் புருஷன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உசுரு போற வலிதான் பாய். ஆனாலும் மதுர வரைக்கும் வாயத் தொறக்கல. எஞ்சின்ல சத்தம் மாறுதான்னு அவரு காதக் குடுத்துக்கிட்டே வாராரு, நான் கத்துனா அவருக்கு எப்புடிக் கேக்கும்?"

ஒழுங்காக வேலை பார்த்த மெக்கானிக்கின் வண்டிகள் எங்கும் நின்றுபோகாது, அதனால் அவனிடம் சொல்வதற்குக் கதைகள் குறைவாகத்தான் இருக்கும் சகாக்களே, நான் இத்தனை சொல்லியிருப்பதிலிருந்து என் பட்டறை எப்படி நடந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.