ஒத்தோரினோவின் ஆறிய பாஸ்தா

விண்மீன்கள் மோதும்போது எழும் ஈர்ப்பலையைப் பிடிக்க, இத்தாலியில் எங்கள் காசினா ஊர் வயல்வெளியில் நீண்ட குழாய்களுடன் ஒரு கருவி வைத்தார்கள். நிலம் அதிர்ந்தால் கருவி ஏமாந்துவிடும் என்பதால், சோதனை முடியும்வரை டிராக்டரால் உழமாட்டேன் என்று பக்கத்து நிலத்துக்காரர் ஒத்தோரினோ மாதாமேல் சத்தியம் செய்தார். முதல் மதியமே கருவி அதிர்ந்தது. அலை வந்துவிட்டதென்று பூரித்த ஆய்வாளர் லிவியானா ஜன்னல் வழியே பார்த்தார். டிராக்டர் போய்க்கொண்டிருந்தது.

அவர் ஓடிப்போய் மறித்தார். “சத்தியம் பண்ணீங்களே, பெரியவரே!”

“உழமாட்டேன்னுதாம்மா பண்ணேன். சாப்பிடப் போறது உழவா? பாஸ்தா ஆறிடும்ல!”

“இத்தனை வருஷம் காத்திருந்தது உங்க பாஸ்தாவுக்கா?” லிவியானாவுக்குக் கண் கலங்கியது.

“அழாத தாயி. என் ஓட்டை வண்டியே அதுக்குக் கேக்குதுன்னா, நட்சத்திரம் மோதினா கேக்காமலா போயிடும்?”

மறுநாள் முதல் ஒத்தோரினோ நடந்தே வீட்டுக்குப் போனார். அறிவியலுக்காக ஆறிய பாஸ்தா தின்ற முதல் மனிதர் எங்கள் ஊர்க்காரர்தான்.